தோற்ற நிரல் சொல்ல வேண்டிய உண்மை

(கணினி அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சி மொழியில் எழுதிய ஒரு நிரல் கெர்னலிடம் ஏதோ கேட்கிறது. கெர்னல் முடியாது என்கிறது. அந்தத் தோல்வியை நிரல் எப்படி வெளியே சொல்ல வேண்டும்? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பாடப்புத்தகங்களில் இதற்குப் பெரும்பாலும் சில வரிகளே ஒதுக்கப்படுகின்றன. தேர்வில் அதிகம் கேட்பதில்லை. ஆனால் வேலைக்குப் போன பிறகு உங்கள் நேரத்தையும் பிறர் நேரத்தையும் விழுங்கப்போவது இதுதான்.

ஒரு கோப்பைத் திறக்கிறோம், நினைவகம் கேட்கிறோம், வலையில் ஓர் இணைப்பைத் தொடங்குகிறோம். இவற்றில் எது வேண்டுமானாலும் தோற்கலாம். வட்டு நிறைந்துவிடும். அனுமதி இருக்காது. மறுமுனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டித்துவிடுவார். நீங்கள் எவ்வளவு கவனமாக எழுதினாலும் இவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் ஏன் தோற்றது என்பது கெர்னலுக்குத் தெரியும். அதை ஓர் எண்ணாக்கி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. அந்தக் காரணத்தைக் கெடுக்காமல், குறைக்காமல், சரிசெய்யக்கூடிய மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிரல் எழுதுபவரின் கடமை. என் பேச்சு முழுக்க இந்த ஒரு கடமையைப் பற்றியதுதான்.

எண் எங்கிருந்து வருகிறது?

யூனிக்ஸ் பிறந்து வளர்ந்த பெல் ஆய்வகத்தில் பிடிபி-11 என்ற கணினி இருந்தது. அதில் ஒரு சிஸ்டம் கால் தோற்றால், செயலியின் கேரி பிட்டைக் கெர்னல் ஏற்றி வைக்கும். ஆர்-0 என்ற ரெஜிஸ்டரில் பிழை எண்ணைப் போடும். சி லைப்ரரியில் செரர் என்ற சிறு துண்டு அந்த எண்ணை எடுத்து எர்நோ என்ற மாறியில் வைத்துவிட்டு, அழைத்தவருக்கு மைனஸ் 1 என்று திருப்பித் தரும்.

இன்றைய லினக்ஸிலும் ஏற்பாடு அதேதான். வழி மட்டும் சற்று வேறு. 64 பிட் இன்டெல் செயலிகளில் கேரி பிட் இல்லாமலே வேலை நடக்கிறது. கெர்னல் தரும் மதிப்பு மைனஸ் 1 முதல் மைனஸ் 4095 வரைக்குள் இருந்தால் அது பிழை என்று பொருள். இல்லாத ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் கெர்னல் மைனஸ் 2 என்று விடை தரும். லைப்ரரி அதை 2 ஆக்கி எர்நோவில் வைக்கும். நீங்கள் எஃப்-ஓபன் மூலம் கேட்டிருந்தால் உங்களுக்கு வருவது நல் பாயின்டர். தோற்றது என்ற செய்தி அந்த நல்லில் இருக்கிறது; ஏன் என்பது எர்நோவில் இருக்கிறது. முதலில் நல்லைப் பார்க்க வேண்டும், அதன் பிறகே எர்நோவைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

2 என்பதற்கு ஈ-நோ-என்ட் என்று பெயர். அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை என்று பொருள். 13 என்பது ஈ-ஆக்சஸ், அனுமதி மறுக்கப்பட்டது. 28 என்பது ஈ-நோ-ஸ்பேஸ். சாதனத்தில் இடம் இல்லை. இப்படி லினக்ஸில் நூற்றுக்கு மேற்பட்டவை உண்டு. ஆனால் சி மொழியின் தரநிலை பெயர் சொல்லிக் கட்டாயமாக்குவது மூன்றே மூன்றைத்தான்: ஈ-டாம், ஈ-ரேஞ்ச், ஈ-இல்-செக். மற்றவை பாசிக்ஸ் தரநிலையும் அந்தந்த இயங்குதளமும் சேர்த்தவை. எஃப்-ஓபன் தோற்றால் எர்நோவை நிரப்பியே ஆக வேண்டும் என்பதும் பாசிக்ஸ் விதித்தது. சி தரநிலை அப்படிச் சொல்லவில்லை.

எர்நோவைக் கையாளும் முறை

எர்நோ ஒரு கடைச் சிலேட்டைப் போன்றது. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். பிழை தீர்ந்துவிட்டது என்பதற்காக யாரும் துடைத்து வைக்க மாட்டார்கள். நிரல் தொடங்கும்போது அது பூஜ்யம். அதற்குப் பிறகு எந்த லைப்ரரி ஃபங்ஷனும் அதைப் பூஜ்யமாக்காது என்று தரநிலையே சொல்கிறது. வெற்றி பெற்ற ஒரு ஃபங்ஷன்கூடப் போகிற போக்கில் அதில் ஏதாவது எழுதிவிட்டுப் போகலாம்.

ஆகவே, எர்நோ பூஜ்யமில்லை, அதனால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று முடிவுகட்டுவது பிழை. இதற்கு யூனிக்ஸ் வரலாற்றில் பெயர்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டாண்டர்ட் ஐஓ லைப்ரரி ஒரு வெளியீட்டில் முதன்முறை எழுதும்போது, அது முனையமா, கோப்பா என்று விசாரிக்கும். முனையம் என்றால் வரிக்கு வரி வெளியே தள்ள வேண்டும். கோப்பு என்றால் மொத்தமாகச் சேர்த்துத் தள்ளலாம். அந்த விசாரணைக்கு இது முனையம் இல்லை என்று விடை வந்தால் எர்நோவில் ஈ-நாட்-டிடிஒய் உட்கார்ந்துவிடக்கூடும். விசாரித்தது லைப்ரரியின் சொந்த வேலைக்காக. உங்கள் நிரலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வேறொரு காரணத்தால் பிழை நேர்ந்து, நிரல் எர்நோவை எடுத்து அச்சிட்டால், அந்தக் காலத்து வாசகம் இப்படி வரும்: நாட் எ டைப்ரைட்டர். இது தட்டச்சுப் பொறி இல்லை! மின்னஞ்சல் அனுப்பும் நிரலான சென்ட்மெயில் திருப்பியனுப்பிய கடிதங்களில் இந்த வாசகத்தைப் பார்த்து மக்கள் திகைத்திருக்கிறார்கள். கடிதம் சேராததற்கும் தட்டச்சுப் பொறிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உண்மைக் காரணம் அழிந்து, பொய்க் காரணம் ஊர்வலம் வந்தது.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. ஒரு கால் தோற்றது என்று தெரிந்த அடுத்த வரியிலேயே எர்நோவை உங்களுடைய சொந்த மாறியில் எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கோப்பை மூடுங்கள், நினைவகத்தை விடுவியுங்கள், பிரின்ட்-எஃப் போடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். சிக்னல் ஹேண்ட்லர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு: உள்ளே நுழைந்ததும் எர்நோவைக் காப்பாற்றி வைத்து, வெளியேறும்போது பழையபடி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதன்மை நிரல் பார்க்கவிருந்த எண்ணை ஹேண்ட்லர் அழித்துவிடும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். எழுத்துச் சரத்தை எண்ணாக்கும் ஸ்ட்ரிங்-டு-லாங் ஃபங்ஷன், எண் மிகப் பெரிதானால் லாங் வகையின் உச்ச மதிப்பைத் தரும். ஆனால் பயனர் அந்த உச்ச மதிப்பையே முறையாகத் தட்டியிருக்கவும் கூடும். திரும்பி வந்த மதிப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இப்படிப்பட்ட இடங்களில், அழைப்பதற்கு முன் எர்நோவை நீங்களே பூஜ்யமாக்கிவிட்டு, அழைத்த பிறகு ஈ-ரேஞ்ச் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைவைப் படிக்கும் ரீட்-டிர் ஃபங்ஷனிலும் இதே முறைதான். பட்டியல் முடிந்தாலும் நல், பிழை வந்தாலும் நல்.

பல த்ரெட்கள் ஓடும் நிரலில் ஒரு த்ரெட்டின் எர்நோவை மற்றொன்று அழித்துவிடாதா என்று கேட்கலாம். அழிக்காது. இன்றைய யூனிக்ஸ் அமைப்புகளில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி எர்நோ உண்டு. எர்நோ என்று நீங்கள் எழுதுவது ஒரு மேக்ரோ. லினக்ஸில் அது அந்தந்த த்ரெட்டுக்குரிய முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் எர்நோவை எக்ஸ்டர்ன் இன்ட் என்று நீங்களே அறிவிக்கக் கூடாது, எர்நோ.ஹெச் தலைப்புக் கோப்பைச் சேர்க்க வேண்டும்.

நல்ல பிழைச்செய்தியின் உறுப்புகள்

எண் கைக்கு வந்துவிட்டது. இனி மனிதருக்குச் சொல்ல வேண்டும். கருவிகள் பல உண்டு. பி-எரர் என்ற ஃபங்ஷன், நீங்கள் கொடுத்த சொல்லையும், ஒரு முக்காற்புள்ளியையும், எர்நோவுக்குரிய வாசகத்தையும் ஸ்டாண்டர்ட் எரரில் எழுதும். ஸ்ட்ரிங்-எரர் ஃபங்ஷன் அந்த வாசகத்தை மட்டும் உங்களிடம் தரும். நீங்கள் விரும்பியபடி வாக்கியத்தை அமைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் எழுதும் சிஸ்லாக்கில் சதவீதக் குறியோடு எம் என்று போட்டால் அதே வாசகம் வந்துவிடும். குனு லைப்ரரியில் பிரின்ட்-எஃப் குடும்பத்துக்கும் இந்த வசதி உண்டு. 4.4 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்த எர், வார்ன் ஃபங்ஷன்கள் நிரலின் பெயரையும் தாமாகவே முன்னால் சேர்த்துக்கொள்ளும்.

கருவி எதுவானாலும் செய்தியில் நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும். பேசுவது எந்த நிரல், அது செய்ய முயன்றது என்ன, எந்தப் பொருளின் மீது முயன்றது, ஏன் முடியவில்லை. ஒரு கோப்பைத் திறக்க முடியாத நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாணவர் எழுதுகிறார்: பிழை. இரண்டாமவர் எழுதுகிறார்: கோப்பைத் திறக்க முடியவில்லை. மூன்றாமவர் பி-எரர் போட்டு, எஃப்-ஓபன்: அனுமதி மறுக்கப்பட்டது என்று வரவழைக்கிறார். நான்காமவர் எழுதுகிறார்: சம்பளப்பட்டியல்: மார்ச்.டேட் கோப்பைப் படிப்பதற்காகத் திறக்க முடியவில்லை: அனுமதி மறுக்கப்பட்டது.

நான்காவது செய்தியைப் பார்த்தவர் ஒரே நிமிடத்தில் அந்தக் கோப்பின் அனுமதியைச் சரிசெய்துவிடுவார். மூன்றாவது செய்தியைப் பார்த்தவர் எந்தக் கோப்பு என்று தேடியலைவார். அவருக்கு எஃப்-ஓபன் என்ற பெயரால் எந்தப் பயனும் இல்லை. அது உங்கள் மூலநிரலுக்குள் இருக்கும் சங்கதி. இரண்டாவது செய்தியைப் பார்த்தவர் கோப்பு இல்லையோ, வட்டு கெட்டதோ, அனுமதி இல்லையோ என்று மூன்று பக்கமும் ஓடுவார். முதல் செய்தியைப் பார்த்தவர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார். காரணமும் கோப்பின் பெயரும் நிரலின் கையில் இருந்தன. சொல்லாமல் விட்டது மட்டுமே தவறு.

செய்தி போக வேண்டிய இடம் ஸ்டாண்டர்ட் எரர். அது ஏன் சாதாரண வெளியீட்டிலிருந்து தனியாகப் பிறந்தது என்பதற்குப் பெல் ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் ஜான்சன் சொன்ன ஒரு வரலாறு உண்டு. அப்போது அங்கே ஒளியச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. நிரலின் வெளியீட்டை அதற்கு அனுப்பி, வந்த தாளை ரசாயனத்தில் கழுவி எடுத்தால்தான் எழுத்து தெரியும். ஒருநாள் பலர் காத்திருந்து கழுவி எடுத்த தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் மிக அழகாக அச்சுக்கோக்கப்பட்டு: இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை என்று. எல்லோரும் முணுமுணுத்தார்கள். சில நாட்களிலேயே பிழைச்செய்திக்கென்று ஒரு தனி வழி வந்துவிட்டது. இன்றும் உங்கள் நிரலின் வெளியீட்டை யாரோ ஒருவர் பைப்பில் வேறொரு நிரலுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். பிழைச்செய்தியைச் சாதாரண பிரின்ட்-எஃப் வழியாக அனுப்பினால் அது தரவோடு கலந்துவிடும். கூடவே, நிரல் பூஜ்யமல்லாத ஓர் எண்ணோடு வெளியேற வேண்டும். மனிதர் செய்தியைப் படிப்பார். ஷெல் அந்த எண்ணை மட்டும்தான் படிக்கும்.

எண்ணை நம்பலாமா?

பிழை எண் 11 என்று மட்டும் பதிவேட்டில் எழுதி வைப்பவர்கள் உண்டு. அது போதாது. இன்டெல் லினக்ஸில் 11 என்றால் ஈ-அகெய்ன், இப்போது இல்லை, பிறகு வா என்று பொருள். 35 என்றால் ஈ-டெட்லாக். மேக் கணினியில் இது அப்படியே தலைகீழ்: 11 டெட்லாக், 35 அகெய்ன். எண் இயங்குதளத்துக்குச் சொந்தமானது. பெயர்தான் எல்லோருக்கும் பொது. மூலநிரலில் 11 என்று ஒப்பிட்டு எழுதியவர், வேறு கணினிக்குப் போனதும் வேறு பிழைக்கு மருந்து கொடுப்பார்.

வாசகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. பயனர் தேர்ந்த மொழிக்கேற்ப அது மாறக்கூடியது. செட்-லொகேல் அழைத்த நிரலில் ஸ்ட்ரிங்-எரர் அந்த மொழியில் விடை தரலாம். மனிதர் படிப்பதற்கு வாசகம், பதிவேட்டில் தேடுவதற்குப் பெயர் என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. 2020 ஆகஸ்டில் வந்த குனு சி லைப்ரரி 2.32, எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தரும் ஒரு ஃபங்ஷனையும் சேர்த்தது.

ஸ்ட்ரிங்-எரர் தரும் சரத்தை அடுத்த அழைப்பு மாற்றிவிடக்கூடும் என்பதால், த்ரெட்களுக்காக ஸ்ட்ரிங்-எரர்-ஆர் என்ற மாற்று வந்தது. அதிலும் ஒரு சிக்கல். பாசிக்ஸ் வடிவம் ஓர் இன்டிஜரைத் திருப்பித் தரும். குனு வடிவம் சரத்தின் பாயின்டரைத் தரும். குனு வடிவத்தில் நீங்கள் கொடுத்த பஃபரை அது தொடாமலே விடவும் கூடும். எந்த வடிவம் உங்களுக்குக் கிடைக்கிறது என்பதைத் தொகுக்கும்போது இருக்கும் மேக்ரோக்கள் முடிவு செய்கின்றன. கம்பைலர் தரும் எச்சரிக்கைகளை முழுவதும் இயக்கி வைத்தால் இந்த இடத்தில் பெரும்பாலும் அதுவே உங்களைத் தடுத்துவிடும்.

சொல்லப்படாத தோல்விகள்

தவறான செய்தியைவிடப் பெரிய கேடு செய்தியே வராமல் போவது. நீங்கள் எல்லோரும் எழுதிய முதல் நிரல் ஹலோ வேர்ல்ட். அதிலேயே இந்தக் கேடு இருக்கிறது. லினக்ஸில் டெவ் அடைவுக்குள் ஃபுல் என்றொரு சாதனம் உண்டு. அதில் எதை எழுதினாலும் இடமில்லை என்ற பிழைதான் வரும். உங்கள் ஹலோ வேர்ல்டின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரையில் ஒன்றும் வராது. வெளியேறும் எண்ணைக் கேட்டால் பூஜ்யம் என்று வரும். வெற்றி என்று அர்த்தம். ஆனால் ஓர் எழுத்துக்கூட எங்கும் போய்ச் சேரவில்லை.

காரணம் இதுதான். பிரின்ட்-எஃப் எழுத்துகளைப் பஃபரில் சேர்த்து வைத்துவிட்டு வெற்றி என்றது. மெயின் முடிந்த பிறகு, நிரல் வெளியேறும் வழியில்தான் பஃபர் கெர்னலுக்குத் தள்ளப்பட்டது. தோல்வி அங்கே நடந்தது. பார்க்க யாரும் இல்லை. இதே டெவ் ஃபுல்லுக்கு எல்-எஸ் கட்டளையின் வெளியீட்டை அனுப்பினால், எழுதும்போது பிழை, சாதனத்தில் இடமில்லை என்று அது முறையாகச் சொல்லும். குனு கட்டளைகள் வெளியேறும் முன் ஸ்டாண்டர்ட் அவுட்டை மூடி, அந்த மூடல் வெற்றியா என்று பார்க்கின்றன. நீங்களும் கோப்பில் எழுதினால் எஃப்-குளோஸ் என்ன விடை தருகிறது என்று பாருங்கள். எழுதியது போய்ச் சேர்ந்ததா என்பது பல நேரங்களில் அங்கேதான் தெரியவரும்.

இது மாணவர் பயிற்சியோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. 2018ஆம் ஆண்டு போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உலகத்தை உலுக்கிய எஃப்-சிங்க் விவகாரம் இதே வகைதான். தரவு உண்மையிலேயே வட்டுக்குப் போய்விட்டதா என்று உறுதி செய்ய எஃப்-சிங்க் அழைக்கிறோம். லினக்ஸில் அது தோற்றபோது போஸ்ட்கிரெஸ் என்ன செய்தது? சரி, மறுபடி முயன்று பார்ப்போம் என்று இரண்டாம் முறை அழைத்தது. இரண்டாம் முறை வெற்றி என்று விடை வந்தது. ஆனால் கெர்னல் பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுத முடியாத பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிட்டிருந்தது. இரண்டாம் முறை எழுதுவதற்கு எதுவும் மீதமில்லை என்பதே அந்த வெற்றியின் பொருள். தரவு போயிருக்கக்கூடும், தரவுத்தளமோ எல்லாம் பத்திரம் என்று நினைத்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களில், எஃப்-சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல் தரவுத்தளம் உடனே நின்று, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றினார்கள். பல ஆண்டுகளாகத் தேர்ந்த வல்லுநர்கள் பேணிவந்த நிரலுக்கே இந்த நிலை என்றால், பிழைக்கு என்ன பொருள் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசிப்பது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

எதைச் சொல்ல வேண்டாம்?

எல்லாத் தோல்வியையும் கூவி அறிவிப்பதும் தவறு. சிக்னல் குறுக்கிட்டதால் ரீட் நின்று ஈ-இன்டர் வந்தால் மறுபடி அழைப்பதே முறை. காத்திருக்காத சாக்கெட்டில் ஈ-அகெய்ன் வருவது அன்றாட நிகழ்ச்சி. பயனரின் சொந்த அமைப்புக் கோப்பு இல்லை என்றால், இயல்பான அமைப்புகளோடு அமைதியாகத் தொடரலாம். ஆனால் அதே கோப்பு இருந்தும் படிக்க அனுமதி இல்லை என்றால் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் பயனர் தன் அமைப்புகள் நடைமுறையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். ஈ-நோ-என்டையும் ஈ-ஆக்சஸையும் ஒரே கூடையில் போடுகிறவர் இந்த வேறுபாட்டை இழந்துவிடுகிறார்.

பிறர் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால் திரையில் எதையும் அச்சிடாதீர்கள். காரணத்தை அழைத்தவரிடம் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கோப்பு, எந்த வேலைக்காக என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு தோல்வி, ஒரு செய்தி. அதைச் சொல்பவர் முழு விவரமும் தெரிந்தவராக இருக்கட்டும். அடுக்கடுக்காக ஐந்து ஃபங்ஷன்கள் ஐந்து செய்திகள் போட்டால் படிப்பவர் எதை நம்புவது?

நண்பர்களே, நீங்கள் எழுதும் நிரலை ஓட்டப்போகிறவர் உங்கள் அருகில் இருக்கமாட்டார். மருத்துவமனையில் பதிவு மேசையில் இருப்பார், வங்கிக் கிளையில் இருப்பார், ஒரு சர்வரைக் காவல் காக்கும் பணியில் இருப்பார். உங்கள் மூலநிரலை அவர் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. நிரல் நின்றுபோன அந்த நேரத்தில் அவரிடம் நீங்கள் பேசக்கூடிய ஒரே வாக்கியம் அந்தப் பிழைச்செய்திதான். அதை அரைகுறையாக எழுதுவது அவரை இருட்டில் விட்டுச் செல்வதற்குச் சமம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் நீங்கள் கடைசியாக எழுதிய சி நிரலை எடுங்கள். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பின்னால் விடையைப் பார்த்திருக்கிறீர்களா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். அதற்கு இல்லாத கோப்பைக் கொடுங்கள், அனுமதி இல்லாத கோப்பைக் கொடுங்கள், வெளியீட்டை டெவ் ஃபுல்லுக்குத் திருப்புங்கள். சிஸ்டம் கால்களையும் அவற்றின் விடைகளையும் காட்டும் எஸ்-டிரேஸ் கருவியின் கீழ் ஓட்டி, கெர்னல் சொன்ன காரணத்தையும் உங்கள் நிரல் சொன்ன காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகும்வரை அந்த நிரல் முடிந்துவிட்டது என்று யாரிடமும் கொடுக்காதீர்கள்.